ஒரு பக்கத்துக்குள் ஒரு மனிதர்

 

போனில் பேசும்போதெல்லாம், "டீச்சர், ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்கிறீர்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்கள் சேர்க்கிறேன் என்று சொன்னால், "ஷேக்ஸ்பியரா டீச்சர்?" என்பது அடுத்த கேள்வி. இல்லை என்று சொல்லி நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் உங்களுக்கு பஸ் வந்துவிடுகிறது, இல்லையென்றால் இங்கே குக்கர் விசில் அடித்துவிடுகிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு நீளம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

நான் சேர்ப்பவை சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வெளிவந்த 'கேரக்டர்' புத்தகங்கள். தமிழில் குணச்சித்திர நூல்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் கதை கிடையாது. ஆட்களுக்குப் பெயரும் கிடையாது. பொறாமைக்காரன், உண்மை நண்பன், சமையல்காரன், நாட்டுப்புறத்தான் என்று தலைப்பு மட்டும் இருக்கும். கீழே ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு மூன்று பக்கம். அந்த வகை மனிதர் எப்படி நடப்பார், எதற்குச் சிரிப்பார், எதற்குப் பயப்படுவார் என்று வரிசையாக வரும். படித்து முடித்ததும் "அட, இது நம்ம இன்னார் ஆச்சே!" என்று தோன்ற வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "ஐயோ, இது நானாச்சே!" என்றும் தோன்ற வேண்டும். இந்த இரண்டாவதுக்காகத்தான் இவற்றை நீதி நூல்களோடு சேர்த்தார்கள்.

இந்த வகைக்கு மூலபுருஷர் ஒரு கிரேக்கர், பெயர் தியோபிராஸ்டஸ். அரிஸ்டாட்டிலின் மாணவர். குருவுக்குப் பின் அவருடைய பள்ளியை நடத்தியவர். செடிகொடிகளை ஆராய்ந்து எழுதியதால் தாவரவியலின் தந்தை என்று சொல்வார்கள். செடிகளைப் பார்த்த அதே கண்ணோடு ஏதென்ஸ் நகரத்து மனிதர்களையும் பார்த்து எழுதியதில் 30 சிறு சித்திரங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. முப்பதும் குறைகள்தான். அதில் ஒரு கஞ்சன் வருகிறான். மனைவி ஒரு செப்புக்காசைத் தவறவிட்டால் கட்டில், பெட்டி, சாமான் அத்தனையையும் நகர்த்தித் தேடுவான். பெருமையடிக்கும் ஒருவன் துறைமுகத்தில் நின்றுகொண்டு, கப்பல் வியாபாரத்தில் தன் பணம் எவ்வளவு ஓடுகிறது என்று முன்பின் தெரியாதவர்களிடம் அளப்பான். சமயம் தெரியாத ஒருவன் கல்யாண விருந்துக்குப் போய் பெண் குலத்தையே திட்டிக்கொண்டிருப்பான். இவர்கள் எல்லோரையும் நம் வீட்டுப் பந்திகளிலேயே நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். அவர்களும் இந்தப் பதிவைப் படிக்கிறார்கள்.

ஐசக் கஸாபன் என்ற அறிஞர் 1592-ல் இந்தக் கிரேக்க நூலை லத்தீன் மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் வெளியிட்டார். அதன் பிறகு ஐரோப்பாவில் படித்தவர்கள் கையிலெல்லாம் அது புழங்கியது. 1608-ல் ஜோசப் ஹால் என்ற பாதிரியார் அந்த மாதிரியைப் பின்பற்றி ஆங்கிலத்தில் முதல் குணச்சித்திர நூலை எழுதினார். கிரேக்கர் குறைகளை மட்டும் எழுதினார் என்றால், ஹால் நற்குணங்களுக்கு ஒரு பாதி, தீய குணங்களுக்கு ஒரு பாதி என்று பிரித்துக்கொண்டார். அறிவாளி, நேர்மையாளர், பொறுமைசாலி, நல்ல நீதிபதி எல்லோரும் முன்பாதியில் வருகிறார்கள். ஹால் பிறகு பிஷப் ஆனார். உள்நாட்டுப் போர் வந்தபோது மாளிகையும் வருமானமும் பறிபோய், கடைசிக் காலத்தை ஒரு சாதாரண வீட்டில் கழித்தார். பொறுமைசாலியைப் பற்றி எழுதியவருக்கு அந்தப் பாடத்தில் பரீட்சை முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து வந்திருக்கிறது.

ஹால் நூல் நல்ல நூல்தான், ஆனால் ஊரே இந்த வகைப் புத்தகத்தின் பின்னால் ஓடியதற்குக் காரணம் ஒரு கொலை. தாமஸ் ஓவர்பரி என்பவர் ஜேம்ஸ் மன்னரின் செல்லப்பிள்ளையான ராபர்ட் கார் என்பவரின் நெருங்கிய நண்பர். கார், பிரான்சஸ் ஹவர்ட் என்ற பிரபுகுலப் பெண்ணைக் கல்யாணம் செய்ய விரும்பினார். அவள் அப்போது இன்னொருவரின் மனைவி. ஓவர்பரி இதைக் கடுமையாக எதிர்த்தார். 1613-ல் மன்னர் வெளிநாட்டுக்குப் போகச் சொன்ன வேலையை மறுத்தார் என்று அவரை லண்டன் டவர் சிறையில் போட்டார்கள். செப்டம்பர் மாதம் அங்கேயே செத்துப்போனார். அடுத்த ஆண்டே, நல்ல மனைவி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்த கவிதை அச்சில் வந்தது. இரண்டாவது பதிப்பில் சில குணச்சித்திரங்களையும் சேர்த்தார்கள். 1615-ல் அது விஷக்கொலை என்று வெளியே வந்தது. நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள், டவரின் அதிகாரியும் அதில் ஒருவர். காரும் பிரான்சஸும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, மன்னரின் மன்னிப்பால் உயிர் தப்பினார்கள்.

கொலை வழக்கு நடக்க நடக்க புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. பதிப்பாளரும் விடவில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் வேறு வேறு ஆட்களிடம் எழுதி வாங்கிப் புதுச் சித்திரங்களைச் சேர்த்துக்கொண்டே போனார். 1622-ல் எண்ணிக்கை 80-ஐத் தாண்டிவிட்டது. நாடக ஆசிரியர் ஜான் வெப்ஸ்டர் எழுதியவை அதில் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். சிறையைப் பற்றிய சித்திரங்களை எழுதியவர் தாமஸ் டெக்கர், எழுதியபோது அவரே கடன் கட்ட முடியாமல் சிறையில் இருந்தார் என்றும் சொல்கிறார்கள். இறந்துபோன ஒருவர் பெயரில் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்!

சேகரிப்பவர்களின் கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓவர்பரி புத்தகம் என்னிடம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் போதாது. எந்த வருடத்துப் பதிப்பு என்று கேட்க வேண்டும். 1614 புத்தகமும் 1622 புத்தகமும் பெயரளவில் ஒன்று, உள்ளே வேறு. ஒருவர் எல்லாப் பதிப்புகளையும் தேடி அலைவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். எந்தச் சித்திரம் எப்போது நுழைந்தது என்று கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி.

என் சேகரிப்பைப் பற்றிப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அசல் முதற்பதிப்புகள் லண்டன் ஏலத்திலும் பெரிய புத்தக வியாபாரிகளிடமும்தான் கிடைக்கும். என் பென்ஷன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. என்னிடம் இருப்பவை ஏழைகளுக்கான பதிப்புகள். எட்வர்ட் ஆர்பர் என்பவர் பழைய நூல்களை மலிவு விலையில் மறுபதிப்பு செய்துகொண்டிருந்தார். அவர் 1868-ல் போட்ட ஒன்றை, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பினார். ஹென்றி மார்லி 1891-ல் தொகுத்த பெரிய தொகுப்பு ஒரு பழைய புத்தகக் கடையில், முதுகு கிழிந்து, நோட்ஸ் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. மற்றவை இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன் பிரதிகள். அவற்றைப் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, அலமாரியில் வருட வரிசைப்படி அடுக்கியிருக்கிறேன். மருமகள் இதை "ஜெராக்ஸ் லைப்ரரி" என்பாள். சரியான பெயர்தான்.

நான் ஆங்கில இலக்கியம் பட்டம் படித்தவள் இல்லை, ஆசிரியர் பயிற்சி டிப்ளமா மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. அந்தக் கால அச்சில் சொல்லின் நடுவே வரும் எஸ் எழுத்து எஃப் போலவே இருக்கும். யு இருக்க வேண்டிய இடத்தில் வி இருக்கும், வி இடத்தில் யு. எழுத்துக்கூட்டு இன்னும் நிலைபெறாத காலம். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக அச்சடித்திருப்பார்கள். டிக்டேஷனில் என்னிடம் பத்துக்கு இரண்டு வாங்கியவர்களே, நீங்கள் 1608-ல் பிறந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

இவை ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டன? முதல் காரணம் அளவு. ஜான் எர்ல் எழுதி 1628-ல் வந்த புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'சின்னஞ்சிறு உலகத்தின் வர்ணனை' என்பதுபோல ஒரு கிரேக்கப் பெயர் அதற்கு. ஒரு முழுத்தாளை மடித்து 12 இலைகள், அதாவது 24 பக்கங்கள் ஆக்குகிற சின்ன அளவு. உள்ளங்கையில் அடங்கும், சட்டைப்பையில் போகும். இப்படிப்பட்ட புத்தகத்தை யாரும் பூட்டி வைப்பதில்லை. கை மாறிக் கை மாறி, படித்துப் படித்தே கிழிந்துபோகும். பெரிய வேதாகமங்களும் சட்டப் புத்தகங்களும் தடிமனாலேயே பிழைத்துக்கொண்டன. மனிதர்கள் ஆசையாகப் படித்தவைதான் மிச்சமில்லாமல் போயின.

இரண்டாவது காரணம் அடுப்பங்கரை. எர்ல் பெரிய படிப்பாளி. இளவரசர் சார்லஸுக்கு ஆசிரியராக இருந்தவர், பிறகு பிஷப் ஆனவர். ஹூக்கர் என்ற அறிஞரின் பெரிய நூல் ஒன்றை லத்தீனில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். அவர் இறந்தபின் அந்தக் கைப்பிரதியை வேலைக்காரர்கள் அடுப்புப் பற்றவைக்கவும், ரொட்டிக்கும் பலகாரத்துக்கும் அடியில் வைக்கவும் கிழித்துத் தீர்த்துவிட்டார்கள். பல வருட உழைப்பு. சுண்டல் பொட்டலத்தில் நல்ல புத்தகத்தின் பக்கத்தைப் பார்த்து மனம் நொந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. பிஷப் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது.

எர்ல் எனக்குப் பிடித்தவர். ஹால் பிரசங்கம் செய்வார், ஓவர்பரி கூட்டத்தார் கேலி செய்வார்கள், எர்ல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். புத்தகத்தில் முதல் சித்திரமே குழந்தை. குழந்தையின் மனத்தை உலகம் இன்னும் கிறுக்காத வெள்ளைத்தாளாகப் பார்க்கிறார். ஜான் லாக் என்ற தத்துவ அறிஞர் இதே வெள்ளைத்தாள் உவமையைச் சொல்லிப் புகழ்பெற்றது அதற்கு 60 வருடம் கழித்துத்தான். ஆசிரியர் பயிற்சியில் லாக் பெயரை மனப்பாடம் செய்தோம். எர்ல் பெயரை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு சித்திரம், பழம்பொருள் சேர்ப்பவன். என்னைப் போன்றவர்களை உட்கார வைத்து வாங்குவாங்கென்று வாங்கியிருக்கிறார். எது பூசணம் பிடித்துப் பூச்சி அரித்திருக்கிறதோ அதுதான் அவனுக்கு அழகு. கைப்பிரதி என்றால் உயிர், அச்சுப் புத்தகம் என்றால் நேற்று வந்த புதுமை என்று அலட்சியம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவனைக் கேலி செய்த அந்த அச்சுப் புத்தகமே இன்று பழம்பொருள் ஆகிவிட்டது. பூச்சி அரித்த அதன் பிரதிக்குத்தான் ஏலத்தில் ஆட்கள் போட்டி போடுகிறார்கள். ஜெராக்ஸ் லைப்ரரிக்காரியான நானும் அந்தச் சித்திரத்தில் ஓரமாக நிற்கிறேன்.

இந்தப் புத்தகங்கள் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் அப்படிக் கேலிக்கு ஆளானவர்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டில் பிலிப் பிளிஸ் என்ற 23 வயது இளைஞர் 1811-ல் எர்ல் புத்தகத்தை மறுபடி அச்சிட்டார். பின்னிணைப்பாக, தனக்குத் தெரிந்த குணச்சித்திர நூல்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டார். தானும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் தன் புத்தகங்களில் அடையாளம் வைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தில் பைண்டருக்கு வரிசை தெரிவதற்காக மடித்த தாள் ஒவ்வொன்றின் அடியிலும் ஏ, பி, சி என்று எழுத்து அச்சிட்டிருப்பார்கள். பிளிஸ், பி என்ற அந்த இரண்டாம் எழுத்துக்கு முன்னால் பேனாவால் தன் முதற்பெயரின் எழுத்தைச் சின்னதாகச் சேர்ப்பார். சேர்த்துப் படித்தால் பிலிப் பிளிஸ் என்பதன் சுருக்கம். தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் படும். முதல் பக்கத்தில் பாதியை அடைத்து ரப்பர் ஸ்டாம்ப் குத்தும் நம் பழக்கத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிளிஸ் இறந்தபின் 1858-ல் அவர் நூலகம் ஏலத்தில் சிதறியது. ஆனால் அவர் போட்ட பட்டியல் சிதறவில்லை. க்வெண்டலின் மர்ஃபி என்ற பெண்மணி 1608 முதல் 1700 வரை வந்த குணச்சித்திர நூல்களுக்கு 1925-ல் முழுப் பட்டியல் வெளியிட்டார். ஹார்வர்டு பேராசிரியர் செஸ்டர் நாய்ஸ் கிரீனோ அதைவிடப் பெரிய பட்டியலுக்குக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டே இருந்து 1938-ல் காலமானார். அது 1947-ல், அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து, மற்றவர்கள் முயற்சியால் அச்சில் வந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சேகரிப்பில் மிஞ்சுவது புத்தகங்கள் அல்ல, பட்டியல்தான் என்று இவர்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இனி, நான் இந்தப் புத்தகங்களை விடாமல் பிடித்துக்கொண்டதற்கான காரணத்துக்கு வருகிறேன். அது தாமஸ் ஃபுல்லர் என்ற பாதிரியார் 1642-ல் வெளியிட்ட ஒரு பெரிய நூல். நல்ல மனைவி, நல்ல வியாபாரி, நல்ல வைத்தியர் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகிறவர், நல்ல பள்ளி ஆசிரியர் என்று ஒரு சித்திரம் எழுதியிருக்கிறார். நான்கைந்து பக்கம்தான். ஆசிரியர்கள் பிள்ளைகளை அதட்டிவிட்டுப் பெற்றோர் முன் கைகட்டி நிற்க வேண்டியிருப்பதை அப்போதே எழுதிவிட்டார். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

மாணவர்கள் பாடத்தைப் படிப்பதுபோல ஆசிரியர் மாணவர்களின் இயல்பைப் படிக்க வேண்டும் என்கிறார் ஃபுல்லர். அனுபவமுள்ள ஆசிரியர் பிள்ளைகளின் இயல்புக்கு ஓர் இலக்கணமே எழுதிவிடலாம் என்று சொல்லி, நான்கு வகையாகப் பிரிக்கிறார். கெட்டிக்காரத்தனமும் உழைப்பும் உள்ளவர்கள், கெட்டிக்காரத்தனம் இருந்தும் சோம்பேறிகள், மந்தம் ஆனால் உழைப்பாளிகள், மந்தமும் சோம்பலும் சேர்ந்தவர்கள்.

இதைப் படித்ததும் தமிழாசிரியர்களுக்கு நன்னூல் நினைவுக்கு வரும். அதுவும் இலக்கண நூல், அதன் பாயிரமும் மாணாக்கரைத் தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் நடுத்தரம், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி எல்லாம் கடைத்தரம். நாம் மனப்பாடம் செய்து, பக்கத்து பெஞ்சுக்காரியை எருமை என்று கூப்பிட்டு மகிழ்ந்த பகுதி. எருமையை என்ன செய்வது என்று மட்டும் அந்த வயதில் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஃபுல்லர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். மூன்றாம் வகைப் பிள்ளைக்கு அவர் தரும் உவமை நம் நாட்டிலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர்ப் பக்கம் கிடைக்கும் ஒருவகைக் கல் பார்க்கப் பளபளப்பாக, பட்டை தீட்டியதுபோல இருக்கும், ஆனால் மென்மையானது, விலை போகாது. இந்தியாவிலிருந்து வரும் உண்மையான வைரம் மண்ணிலிருந்து எடுக்கும்போது கரடுமுரடாக இருக்கும். அப்போது உலகத்துக்கு வைரம் கொடுத்தது முக்கியமாக நம் கோல்கொண்டாப் பக்கம்தான். ஆகவே மந்தமாகத் தெரியும் உழைப்பாளிப் பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இயற்கை குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால்கூட, எத்தனை அடி அடித்தாலும், அவன் அறிவை எழுப்ப முடியாது. இயல்பைக் குற்றமாக நினைத்து அடிக்கிற ஆசிரியரைத்தான் அடிக்க வேண்டும்! ஃபுல்லர் பிரம்பை முழுக்க ஒதுக்கியவர் இல்லை. கெட்டிக்காரச் சோம்பேறிக்கு இரண்டு போடலாம் என்கிறார். ஆனால் கொடுமைக்கார ஆசிரியரிடம் மாட்டி, பிறவியில் நன்றாகப் பேசிய பிள்ளைகளுக்குக்கூடத் திக்குவாய் வந்துவிடுகிறது என்று 1642-லேயே எழுதியிருக்கிறார்.

நான்காம் வகைக்கு அவர் சொல்வதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நேரான மரம் தேடும் தச்சர்கள் கோணல் மரத்தை ஒதுக்கிவிடுவார்கள். படகு கட்டுகிறவர்களோ அந்தக் கோணல் மரத்தைத்தான் தேடி எடுப்பார்கள், படகின் வளைவுக்கு அதுதான் வேண்டும். புத்தகப் படிப்புக்கு ஒத்துவராத பிள்ளைகள் அருமையான வியாபாரிகளாகவும் தொழில் வல்லுநர்களாகவும் ஆவார்கள் என்று முடிக்கிறார்.

எனக்கு என் தம்பி நினைவு வந்தது. உறவினர்களுக்குத் தெரிந்த கதைதான். மாணவர்களுக்காக, அவனிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். ஏழாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் அவனை பெஞ்சு மேல் ஏற்றி "களிமண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னார். உலகத்திலேயே சிறிய குணச்சித்திரம் அதுதான், ஒரே சொல். வகுப்பு முழுக்க அதையே அவனுக்குப் பெயராக வைத்தது. அந்த வருடம் முடியும் முன் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்த்துவிட்டார்.

பிறகு அவனே கடை போட்டான். சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் எரிந்தால் அவனிடம்தான் வரும். எரிந்த காயிலைப் பிரித்து, எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் என்று பார்த்து, புதிதாகச் சுற்றி வார்னிஷ் அடித்துக் கொடுப்பான். ஒரு சுற்றுகூடத் தப்பாது. எதையும் எழுதி வைத்துக்கொள்ளமாட்டான். ஓடும் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்வான். கணக்கு வராது என்று பெஞ்சு மேல் ஏற்றப்பட்டவன் அவன்தான். ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை. பெண் பிள்ளைகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தான். பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் ஒருநாளும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். அக்காவான நான் வாத்தியார் வேலை பார்த்த பள்ளிக்கும் அவன் வந்ததில்லை.

படகு மரத்தைப் பற்றிய பகுதியைத் தமிழில் சொல்லி அவனுக்குப் படித்துக் காட்டினேன். கையில் இருந்த கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, இதை எந்த வருஷம் எழுதினாங்க?"

"1642-ல."

இன்னும் நாலு சுற்று சுற்றினான். "அவ்வளவு முன்னாடியே எழுதிட்டாங்களா? நம்ம ஸ்கூலுக்கு வந்து சேர ரொம்ப லேட்டாயிடுச்சு போல" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மனிதர்களை வகை பிரிப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வகை பிரிக்காமல் ஒரு நாள்கூடப் பாடம் நடத்த முடியாது. யாருக்கு மெதுவாகச் சொல்ல வேண்டும், யாரை முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் வகை பிரிப்புத்தான். இத்தனை குணச்சித்திரங்களைப் படித்ததில் எனக்குத் தெரிந்தது, அவற்றை இரண்டு விதமாக எழுதலாம் என்பதுதான். ஒன்று, ஆளைப் பார்ப்பதற்காக எழுதுவது. இன்னொன்று, இனிமேல் ஆளைப் பார்க்கவே வேண்டாம் என்பதற்காக எழுதுவது. களிமண் என்ற சொல் இரண்டாம் வகை. சொன்னவருக்கு அதன்பின் அந்தப் பையனைக் கவனிக்கும் வேலை மிச்சமாயிற்று. ஃபுல்லர் பிள்ளைகளின் இலக்கணம் என்று சொல்லும்போதே, சில விதிவிலக்குகள் நீங்கலாக என்று நடுவில் ஒரு துண்டைச் செருகியிருக்கிறார். முதல் தடவை அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவோம். ஆசிரியரின் வேலை முழுக்க அந்தத் துண்டுக்குள்தான் இருக்கிறது.

என்னிடம் இருக்கும் தொகுப்பை உருவாக்கிய ஹென்றி மார்லி, டாக்டர் தொழிலை விட்டுவிட்டுத் தண்டனையே இல்லாத பள்ளி ஒன்றை நடத்திப் பார்த்தவர். பிறகு லண்டனில் பேராசிரியராகி, பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்புகள் எடுத்தார். அப்படிப்பட்டவர் கையில் இந்தப் பழைய சித்திரங்கள் மலிவுப் பதிப்பாக வந்து, எங்கோ சுற்றி, ஒரு பழைய புத்தகக் கடை வழியாக என்னிடம் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சிலர் மேனேஜர்கள், வருடா வருடம் மற்றவர்களைப் பற்றி அப்ரைசல் எழுதுகிறீர்கள். எல்லோரும் பெற்றோர்கள், மாமியார்கள், மருமகள்கள். தினமும் யாரைப் பற்றியாவது ஒரு குணச்சித்திரம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம், சமையலறையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ. எழுதுங்கள், ஆனால் ஒரு பக்கமாவது எழுதுங்கள். ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் அந்த மனிதரைக் கொஞ்ச நேரமாவது பார்த்தாக வேண்டும். பார்த்தால் முதலில் நினைத்த சொல் மாறிவிடும்.

ஆசிரியர் சித்திரத்தின் முடிவில் ஃபுல்லர், நல்ல ஆசிரியர்களின் பெயர் அவர்களுடைய மாணவர்களால்தான் நிலைக்கிறது என்கிறார். ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற ஆசிரியரை, அவருடைய மாணவர் பிஷப் ஆண்ட்ரூஸுக்காகவே தான் மதிப்பதாகச் சொல்கிறார். அந்த ஆண்ட்ரூஸ் தன் படிப்பறை வாசலுக்கு மேலே மல்காஸ்டரின் படத்தை மாட்டி வைத்திருந்தார். நீங்கள் யாரும் என் படத்தை மாட்ட வேண்டாம், மாலை போட்டுவிட்டார்கள் என்று பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். மாதம் ஒரு போன் போதும்.

எனக்குப் பின் இந்தப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பிளிஸைப் பார்த்து நானும் ஒரு நோட்டில் பட்டியல் போட்டுவிட்டேன். எது யாருக்கு என்று எழுதவில்லை, உங்களில் ஆசையுள்ளவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஃபுல்லரின் ஆசிரியர் சித்திரத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர்களாக இருக்கும் மாணவர்கள் சொன்னால் அனுப்புகிறேன். முதல் பிரதி தம்பியின் பெரிய பெண்ணுக்கு. அவளும் இந்த ஜூனில் டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்